நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு சொட்டு

நான் பணி ஓய்வு பெற்றபோது எனக்கு வயது இருபத்தொன்பது. சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

சிங்கப்பூருக்கு வடக்கே, கூலாய் என்ற ஊரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பயிற்சி மையம் இருந்தது. சுற்று வட்டாரத் தொழிற்சாலைகள் தங்கள் ஆட்களை எங்களிடம் அனுப்பும். பள்ளியில் பதினாறு வயதில் படிக்கும் படிவம் நான்கு வேதியியலை அடியிலிருந்து ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொடுத்து, ஆய்வுக்கூட வேலைக்கான தேர்வுக்குத் தயாராக்கி அனுப்பி வைப்போம். இப்போது அந்தப் பாடம் முழுவதும் கைக்கணினிக்குள் போய்விட்டது. அழகான காணொளி. அதில் குடுவை எப்போதும் சரியான நேரத்தில் சிவக்கிறது. ஆள்கள் பார்க்கிறார்களா தூங்குகிறார்களா என்று கவனிக்க மட்டும் சில இளசுகளை வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள்: "அக்கா, படிவம் நாலு கெமிஸ்ட்ரிதானே. அதுல சொல்லிக் குடுக்க அப்படி என்னக்கா இருந்துச்சு?"

நல்ல கேள்வி. வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் இதையேதான் கேட்டேன், இதைவிடத் திமிராக. குழுவில் நாலு வரியில் பதில் போட முயன்றேன், முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேதியியலில் பட்டம், நல்ல மதிப்பெண், சிங்கப்பூரில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை, அது கிடைக்காத கடுப்பு. பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானின் அலைச்சமன்பாட்டைப் பக்கம் பக்கமாகத் தீர்த்தவள் நான். என்னைப் போய் அமிலம், காரம், உப்பு சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார்களே என்று படியேறும்போதே முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

மேலே உட்கார்ந்திருந்தவர் செசிலியா டீச்சர். மையத்தின் தலைமைப் பயிற்றுநர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை, சாம்பல் நிறத்தில் பாஜு கூரோங் என்ற தொளதொள மலாய் உடை, காலில் சத்தம் போடாத ரப்பர் செருப்பு. என் சான்றிதழ்களைப் பார்க்கவே இல்லை. ஐஸ் கட்டி போட்ட ஒரு கண்ணாடித் தம்ளரை என் முன்னால் வைத்து, பார்ப்பதை எழுதச் சொன்னார். நான் சட்டென்று எழுதினேன்: "காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் ஒடுங்குகிறது." எவ்வளவு அழகான வாக்கியம்.

டீச்சர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒடுங்குறத நீ எங்கம்மா பார்த்த? எனக்கும் காட்டு."

நான் தம்ளரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"நீ பார்த்தது தம்ளருக்கு வெளியே துளி. மத்தது நீ படிச்சது. படிச்சது தப்புன்னு சொல்லல. ஆனா ரெண்டையும் ஒரே பையில போட்டு வைக்காத."

அன்று என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. அந்த அழகான வாக்கியத்தை அடித்துவிட்டு, "வெளியே துளி" என்று எழுதியது மட்டும் நினைவிருக்கிறது.

டீச்சர் யாரையும் "தப்பு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அப்படியென்றால் இன்னொரு தரம் பார் என்று பொருள். வயதில் சிறிய தொழிலாளர்களிடமும் "வாங்க, சொல்லுங்க" என்றுதான் பேசுவார். என்னை மட்டும் "நீ". அதைச் சலுகையாக எடுத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அவருடைய வகுப்புக்கு ஒரு முறை உண்டு. மேசையில் ஏதாவது ஒன்று நடக்கும். பொங்கும், கலங்கும், சூடாகும், படியும். யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு தாள், பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். எழுதியதும் தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும், பக்கத்து ஆளுடையதை எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும், எப்போதும் கூச்சப்படுகிறவரிடமிருந்து தொடங்கி. புத்தகத்து நிறப்பெயர்களுக்கு அனுமதி இல்லை. தாமிர சல்பேட்டை ஒருவர் "மழைக்கு முந்தின வானம்" என்பார், இன்னொருவர் "பழைய ஸ்கூல் பஸ் சீட்டு" என்பார். ராஜு என்று ஒரு வாயாடி இருந்தார். அவர் எழுதியது "என் மாமியார் வீட்டுக் கதவு". டீச்சர் அதையும் ஏற்றுக்கொண்டார். அந்தக் கதவை ராஜு நிஜமாகவே பார்த்திருக்கிறார் என்பதுதான் டீச்சருக்கு முக்கியம்.

எல்லாரும் வாசித்த பிறகே ஏன், எதனால் என்ற பேச்சு. அதற்குப் பிறகுதான் சூத்திரம். முதலில் எனக்கு இது நேர விரயமாகப் பட்டது. பத்து நிமிடத்தில் பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். மோல் பாடம் வந்த நாளில் அந்த நினைப்புப் போயிற்று.

அந்தக் குழு அடுத்த ஊரான செடெனாக் பக்கத்திலிருந்த ஒரு ரப்பர் பால் ஆலையிலிருந்து வந்திருந்தது. பெரும்பாலும் நம்மவர்கள். அவர்களுடைய அப்பா அம்மா காலத்தில் தோட்டம், இவர்கள் காலத்தில் ஆலை. டீச்சர் ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பதினெட்டு கிராம், நிறுத்து ஊற்றினேன். ஒரு வாய் கூட நிரம்பாது. எல்லாரும் பார்த்தார்கள், எழுதினார்கள். "தண்ணி." "கொஞ்சம் தண்ணி." "டீ கேட்டா இதக் குடுத்தா சண்டை வரும்" என்று ராஜு.

பிறகு டீச்சர் பலகையில் ஆறு என்று எழுதி, அதன் பின்னால் பூஜ்யம் போடத் தொடங்கினார். போட்டுக்கொண்டே இருந்தார். இருபத்து மூன்று. இந்தக் கிண்ணத்தில் இத்தனை நீர்த்துகள்கள் என்றார். விநாடிக்கு ஒன்றாக எண்ணினால் எப்போது முடியும் என்று என்னைக் கேட்டார். மனக்கணக்கில் நான் புலி. பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து ஒரு விநாடி விடாமல் எண்ணிக்கொண்டு வந்திருந்தாலும், இன்றைக்கு இந்தக் கிண்ணத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எண்ணி முடித்திருக்க மாட்டோம் என்றேன். இந்த எண்ணை எத்தனையோ தேர்வில் எழுதியிருக்கிறேன். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதில்லை.

யாரும் எண்ணவில்லை, நிறுத்தே எண்ணிவிட்டோம் என்றார் டீச்சர். மோல் என்றால் அவ்வளவுதான். எண்ண முடியாததை நிறுத்து எண்ணும் வழி.

பின்வரிசையில் இருந்த சிவநேசன் அண்ணன் மட்டும் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "டீச்சர், இத நமக்கு முன்னாடி யாராச்சும் குடிச்சிருப்பாங்களா?"

"யாரெல்லாம் குடிச்சிருக்காங்களோ, அவங்க எல்லாரோடதும் கொஞ்சம் கொஞ்சம் இதுல இருக்கும்."

"நேத்து நான் குடிச்சதும் இருக்கும்ணே, பாத்துக் குடிங்க" என்றார் ராஜு. எல்லாரும் சிரித்தார்கள். சிவநேசன் அண்ணன் சிரிக்கவில்லை. கோயில் தீர்த்தம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி, குடித்தார்.

இனி அவரைப் பற்றித்தான்.

சிவநேசன் அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, பெரிய உடம்பு, மெல்லிய குரல். ஆலையில் தொட்டிப் பிரிவு. தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் பால் உறையாமல் இருக்க அதில் அமோனியா விடுவார்கள், அந்த வேலை. அந்தப் பிரிவை இயந்திரமயமாக்கப் போகிறார்கள். வேதியியல் தேர்வில் தேறுகிறவர்களுக்கு அதே ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இடம். தேறாதவர்கள் வடக்கே கெடாவில் உள்ள கிளைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் விலகிக்கொள்ள வேண்டும். அண்ணனின் மனைவி செடெனாக்கில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். விலகினால் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர், அந்த நெரிசலில், அந்த வயதில். அவர் இதையெல்லாம் புலம்பிச் சொன்னவர் இல்லை. டீ குடிக்கும்போது ஒருநாள் சொன்னார், "எனக்கு இந்த ஊர்லயே இருந்துரணும் மிஸ், வேற ஆசை ஒண்ணும் இல்ல" என்று.

படிப்பில் அவர்தான் முதல். சமன்பாடுகளைச் சமப்படுத்துவதில் ராஜு கோட்டை விடுவார், அண்ணன் விடமாட்டார். தேர்வில் கடைசியாக ஒரு செய்முறை உண்டு: டைட்ரேஷன். குடுவையில் அமிலம், செறிவு தெரியாது. அதில் ஒரு துளி பினால்ப்தலீன், அது நிறங்காட்டி. மேலே நீளமான கண்ணாடிக் குழாயில் காரம். குழாயின் திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவையை ஒரு கையால் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அமிலம் தீரும் வரை எதுவும் தெரியாது. தீர்ந்த மறுகணம், ஒரு சொட்டில், குடுவை மெல்லிய இளஞ்சிவப்பாகும். நிறம் மறையாமல் நின்றால் அதுதான் முடிவு. அங்கே நிறுத்தி, எத்தனை மில்லி விட்டோம் என்று பார்த்தால், அமிலத்தின் அளவு கணக்கில் வந்துவிடும். இன்னும் விட்டால் நிறம் அடர்ந்து விடும், கணக்குப் போச்சு. மெல்லிய நிறம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே குடுவைக்கு அடியில் வெள்ளை டைல் வைப்போம்.

பயிற்சியில் அண்ணனின் விடைகள் அச்சடித்ததுபோல் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒரு சொட்டு கூடக் குறைய இருக்காது. நான் அவரை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினேன்.

அவர்கள் இருவர் இருவராகச் செய்தார்கள். நாங்கள் சொல்லவில்லை, அவர்களாகவே அப்படி நின்றார்கள். ஆலையின் தொட்டிப் பிரிவில் அது கட்டாயம். அமோனியாவுக்குப் பக்கத்தில் ஒருவர் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் வால்வைத் திறப்பார், இன்னொருவர் தள்ளி நின்று அளவுமானியைப் பார்த்து "போதும்" என்பார். திறந்தவர் உடனே மூடுவார். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருந்தது. இங்கும் ஒருவர் திருகைப் பிடிக்க, ஜோடி பக்கத்தில் நின்றார். அண்ணனின் ஜோடி ராஜு. பேச்சே இல்லாமல் நடக்கும். ராஜு "போதும்ணே" என்பார், அண்ணன் மூடுவார். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

தேர்வு நெருங்கியபோது டீச்சர் தனித்தனியாகச் செய்யச் சொன்னார். பழைய விதிதான்: வாய் திறக்கக் கூடாது, தாளில் எழுத வேண்டும். அண்ணன் தன் குடுவையைச் சுழற்றினார். விட்டுக்கொண்டே இருந்தார். நிறம் வந்தது, தாண்டியது, அடர்ந்தது. அவர் நிறுத்தவில்லை.

"அலமாக், கல்யாண வீட்டு ரோஸ் சிரப் தண்ணி கலக்குறாரு அண்ணன்" என்று ராஜு வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டார். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பதற்றம் என்று நினைத்தோம். மறுபடியும் செய்தார், மறுபடியும் சிரப். மூன்றாவது முறை பாதியிலேயே நிறுத்திவிட்டார், குடுவையில் நிறமே இல்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறார் என்று டீச்சர் எடுத்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். "தண்ணி மாதிரி. சுழற்றினேன். தண்ணி மாதிரி. இப்ப வந்துருக்கும்னு நெனைக்கிறேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பிறகு என்னைத் தனியே அழைத்து, மூன்று குடுவை தயார் செய்யச் சொன்னார். முடிவுக்குச் சற்று முன்னால் ஒன்று, சரியாக முடிவில் ஒன்று, நன்றாகத் தாண்டியது ஒன்று. மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, மூன்றையும் வெள்ளை டைல் மேல் வைத்து அண்ணனை வரிசைப்படுத்தச் சொன்னார்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தார்.

"இதுவும் இதுவும் ஒண்ணுதான் டீச்சர். இது கொஞ்சம் அழுக்கா இருக்கு." அழுக்கு என்றது நன்றாகத் தாண்டிய குடுவையை. அது எங்கள் கண்ணுக்குச் செம்பருத்தி போல இருந்தது.

மேசை மேல் இருந்த சிவப்பு மூடியையும் பச்சை மூடியையும் டீச்சர் காட்டினார். அடர்ந்த நிறங்களை ஒருமாதிரி ஊகித்துச் சொன்னார். வெளிர் நிறங்களில் ஒன்றுமே தெரியவில்லை. சாலை விளக்கை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டேன். மேலே எரிந்தால் நிற்க வேண்டும், கீழே எரிந்தால் போக வேண்டும், எல்லாரும் அப்படித்தானே மிஸ் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

டீச்சர் மெதுவாகச் சொன்னார். சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரியாது, ஆண்களில் இது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை, நோய் இல்லை, யாருடைய குற்றமும் இல்லை என்று.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். நெடுநேரம் அந்தக் குடுவையையே பார்த்தார்.

"எப்ப போதும்னு தெரியுறது ஒரு கைப்பழக்கம்னு நெனச்சேன் டீச்சர். ரப்பர் மரத்துல பால் வெட்டுறவங்களுக்குப் பட்டையில எவ்வளவு ஆழம்னு கையிலயே தெரியும்ல, அது மாதிரி. எல்லாரும் பழகிட்டாங்க, எனக்கு இன்னும் வரலன்னு. அங்க நெசமாவே ஒண்ணு இருக்குன்னு தெரியாது."

ஒரு மனிதர் இத்தனை வருடம் தனக்குத் தெரியாத ஒரு நிறத்தின் நடுவே வாழ்ந்திருக்கிறார். அது தன் கண்ணுக்கு இல்லை என்று அவருக்கும் தெரியாது, அவருக்கு இல்லை என்று மற்றவர்களுக்கும் தெரியாது. தொட்டிப் பிரிவின் ஜோடி விதி அவரை அத்தனை பத்திரமாக வைத்திருந்தது. கேட்கவே வேண்டியதில்லை, பக்கத்தில் எப்போதும் ஒருவர் "போதும்" என்பார்.

விஷயம் ராஜுவுக்குத் தெரிந்ததும் அவரிடம் திட்டம் தயாராக இருந்தது. தேர்வில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை வரும்படி பார்த்துக்கொள்ளலாம். நிறம் வரும்போது அவர் இருமுவார். "சாதாரண இருமல்ணே. எனக்கு எப்பவும் சளிதானே, யாருக்கும் சந்தேகம் வராது லா."

அண்ணன் அவர் தோளில் தட்டினார். "நாளைக்கு லேப்ல நான் தனியா இருக்கும்போது யாருடா இருமுவா?"

ராஜு எழுந்து போய் எல்லாருடைய குடுவையையும் சேர்த்துக் கழுவி வைத்தார்.

என்னிடமும் ஒரு யோசனை இருந்தது. மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும் நிறங்காட்டிகள் உண்டு, அவை அண்ணனுக்குத் தெரியும். ஆனால் ஆலையின் செய்முறைத் தாளில் எது போட்டிருக்கிறதோ அதைத்தான் தேர்வில் கொடுப்பார்கள். டீச்சர் என் யோசனையைக் கேட்டுவிட்டு, அண்ணனிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். பினால்ப்தலீன் எதற்கு?

"முடிஞ்சிருச்சுன்னு சொல்றதுக்கு."

"அது சொல்லலன்னா, முடியாதா?"

அண்ணன் யோசித்தார். நிறங்காட்டி இல்லாவிட்டாலும் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியும் காரத்தின் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து தண்ணீராகும் என்றார். அமிலம் தீர வேண்டிய இடத்தில் தீரும். நாம் பார்க்காவிட்டாலும் தீரும்.

அப்படியானால் நடப்பது வேறு, நிறம் வேறு, நிறம் வெறும் சேதி கொண்டுவருகிற ஆள் என்றார் டீச்சர். வேறு ஆளை அனுப்பலாம்.

அலமாரியின் அடியில் ஒரு பழைய பிஎச் மீட்டர் கிடந்தது. தூசி தட்டி, அதன் கண்ணாடி முனையை ஊறவைத்துத் தேற்றினேன். பிஎச் என்பது ஒரு கரைசல் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதற்கான எண். ஏழு நடு, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வொரு படி ஏறும்போதும் அமிலத்தன்மை பத்தில் ஒன்றாகக் குறையும். முனையைக் குடுவைக்குள் இறக்கிவிட்டு, கொஞ்சம் காரம், எண்ணைப் படி, கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி. மறுபடியும் கொஞ்சம் காரம், எண், புள்ளி. அதுதான் வேலை.

அண்ணன் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். ஒன்று சொச்சம். மறுபடியும் ஒன்று சொச்சம். பாதிக் குழாய் காலியான பிறகும் இரண்டைத் தாண்டவில்லை. தாளில் புள்ளிகள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. மீட்டர் செத்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். அண்ணனுக்கு அவசரமே இல்லை. இரண்டு சொச்சம், மூன்று. எண் அசையத் தொடங்கியதும் சொட்டுச் சொட்டாக மாற்றச் சொன்னார் டீச்சர். மூன்றரை. நாலு சொச்சம்.

அடுத்த சொட்டு விழுந்தது. அண்ணன் சுழற்றினார். மீட்டரில் எண் கிளம்பியது. ஐந்து, ஏழு, எட்டு என்று ஓடி ஒன்பதைத் தாண்டிப் போய் நின்றது.

ஒரே ஒரு சொட்டு. குழாயில் பாதிக்கு மேல் ஊற்றி நகராதது, ஒரு சொட்டில் ஐந்து படி. படிக்குப் பத்து மடங்கு என்றால் மொத்தம் லட்சம் மடங்கு. அந்தக் குடுவைக்குள் இருந்த அமிலம் அந்தச் சொட்டுக்கு முன் இருந்ததில் லட்சத்தில் ஒரு பங்காகிவிட்டது. இந்த வளைவை நான் தேர்வுகளில் எத்தனை முறை வரைந்திருக்கிறேன்! கையை வளைத்து ஒரு "S" போடுவேன், முழு மதிப்பெண். அது ஒரு நிகழ்ச்சி என்று எனக்குத் தெரியாது. கண்ணுக்கு முன்னால், ஒரு டயர் கடைக்கு மேலே, நடக்கக்கூடியது என்று தெரியாது. ஒரு சொட்டுக் காரத்துக்கு யாராவது அழுவார்களா? நான் கிட்டத்தட்ட அழுதேன்.

அண்ணன் புள்ளியை வைத்தார். தாளில் படுத்துக் கிடந்த வரிசை சட்டென்று சுவர் போல் எழுந்து நின்றது. அந்தச் சுவரை விரலால் கீழிருந்து மேல் வரை தடவிப் பார்த்தார்.

"இதத்தான் நீங்க எல்லாரும் பாக்குறீங்களா?"

"இல்லண்ணே. நாங்க நிறத்தப் பாத்துட்டுக் கைய மூடிருவோம். இத யாரும் பாக்குறதில்ல" என்றேன்.

தேர்வு நாளில் ஆலையின் தலைமை வேதியியலாளர் திரு. லிம் நேரில் வந்தார். ஒல்லியான மனிதர், பேனாவை மூடிமூடித் திறப்பார், மலாயில்தான் பேசுவார். டீச்சர் முன்கூட்டியே பேசி வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார், அவரே சொல்வதாக. எல்லாரும் மேசைக்குப் போனபோது, அவர் மட்டும் லிம்மிடம் நடந்தார். தனக்கு இளஞ்சிவப்பு தெரியாது என்றும், மீட்டரை வைத்துச் செய்ய அனுமதி வேண்டும் என்றும் மலாயில் சொன்னார். ஒன்றையும் விடாமல், முழுதாகச் சொன்னார்.

லிம் உடனே மறுத்தார். செய்முறையில் என்ன இருக்கிறதோ அதுதான். டீச்சர் எழுந்து வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார். லிம் அவரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், கடைசியில் அண்ணன் கையிலிருந்த பழைய வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். பேனா திறப்பது நின்றது. அந்தச் சுவரின் நடுவில் ஒரு கோடு போட்டு, சரி, செய் என்றார்.

மற்றவர்கள் முடித்துக் கழுவி வைத்துவிட்டார்கள். அண்ணன் இன்னும் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ராஜு வாசலில் நின்றுகொண்டு, உண்மையாகவே இருமல் வந்தபோது, சட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். அண்ணன் விடையை எழுதி நீட்டியதும் லிம் அதே அமிலத்தை எடுத்து, தானே நிறங்காட்டி போட்டுச் செய்து பார்த்தார். இருவர் அளவும் ஒரு சொட்டு அளவுக்குள் ஒத்தன.

லிம் விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் மீட்டர் ஒருநாள் கெட்டுப்போகும், அப்போது என்ன செய்வாய் என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மலாயில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"பக்கத்துல இருக்குறவரக் கூப்பிட்டு, எனக்கு இந்த நிறம் தெரியாது, வந்து பாத்துச் சொல்லுங்கன்னு சொல்வேன். இவ்வளவு நாளும் கேக்குறேன்னு தெரியாமலே கேட்டுக்கிட்டு இருந்தேன். இனிமே தெரிஞ்சு கேப்பேன்."

லிம் பேனாவைச் சட்டைப்பையில் சொருகினார். ரப்பர் பாலின் தரத்தைப் பார்க்கும் ஒரு சோதனை ஆய்வுக்கூடத்தில் உண்டு என்றும், அது மீட்டரும் வரைபடமுமாகவே செய்வது என்றும், புள்ளி வைக்கப் பொறுமை இல்லாமல் அங்கே எல்லாரும் அதைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்றும் சொன்னார். "திங்கட்கிழமை வா. அந்த மேசை உனக்கு."

ராஜுவும் தேறினார், அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போன் பண்ணித் திட்டுவார்.

நானும் டீச்சரும் கீழே இறங்கியபோது டயர் கடை வாசலில் அண்ணன் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல், கைப்பேசியை முகத்துக்கு முன்னால் பிடித்து மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாமே கேட்டது. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

"கெடைச்சிருச்சு. இங்கயேதான். எங்கயும் போக வேணாம்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. சாமி பேர் சொல்லி ஏதோ முணுமுணுப்பு.

"இன்னொண்ணு. எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாப் பிரியாதாம். பொறந்ததுலேர்ந்தே. டீச்சர் சோதிச்சுப் பாத்துச் சொன்னாங்க."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

"அப்ப," என்றார் அவர் மனைவி, "கல்யாணத்தன்னிக்கு என் சிவப்புக் கூரைப்புடவையப் பாத்து, தேங்கா நார் மாதிரி நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. அது நெசமாவேதானா?"

"நெசமாவேதான். நல்லா இருந்துச்சு."

"இத்தன வருசமா நான் அத நக்கல்னுல்ல நெனச்சிருந்தேன்."